தீண்டாமை என்றால் என்ன? மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு படிப்பித்தவன் நான். வகுப்பறைக்குள் எவரும் கேட்காத சில கேள்விகளைப் பாடசாலை விட்டபின் மர நிழலில் வந்து கேட்பார்கள். இப்போது பழைய மாணவர்களும் மருமக்களும் அவற்றையே தொலைபேசியில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். சாதிப் பெயர்களைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறேன். பெயர் சொல்லாமல் இந்த விடயத்தைப் பேசினால், பேசியதாகக் காட்டிக்கொள்ளலாம், விளங்கவைக்க முடியாது.

'தீண்டாமை' என்ற சொல்லின் நேர்ப்பொருள் என்ன?

தீண்டுதல் என்றால் தொடுதல். 'மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்' என்று குறள் சொல்லும்போது பிள்ளையின் உடம்பைத் தொடுகிற இன்பத்தைச் சொல்கிறது. பாம்பு கடித்ததையும் 'பாம்பு தீண்டியது' என்கிறோம். பிள்ளையைத் தழுவுவதற்கும் நஞ்சு ஏறுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. அந்தச் சொல்லோடு எதிர்மறை சேர்ந்து 'தீண்டாமை' ஆகிறது. எழுத்தின்படி 'தொடாதிருத்தல்' என்பதே பொருள்.

வழக்கில் அதன் பொருள் இதைவிட மிகப் பெரியது. ஒருவர் இன்ன சாதியில் பிறந்தார் என்பதற்காக அவரைத் தொட்டாலோ, அவர் தொட்டதைத் தொட்டாலோ, சில இடங்களில் அவர் நிழல் பட்டாலோகூடத் தூய்மை கெடும் என்று வைத்து, கிணறு, கோயில், கடை, பாடசாலை, சுடுகாடு ஆகியவற்றிலிருந்து அவரை விலக்குவதே தீண்டாமை. தொடாமல் இருப்பது அதன் வெளித்தோற்றம். உள்ளே இருப்பது ஊர்ச் சொத்திலும் ஊர் மதிப்பிலும் பங்கு தராமல் இருப்பது.

துடக்கும் தீண்டாமையும் ஒன்றுதானா? செத்தவீட்டுக்காரரையும் நாம் தொடுவதில்லையே?

எனக்கு வரும் கேள்விகளில் இதுவே மிகக் கூர்மையானது. இதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை பாதி விளங்கிவிடும்.

தமிழகத்தில் தீட்டு என்பதை நாம் துடக்கு என்கிறோம். பிள்ளை பிறந்தால் துடக்கு, பெண்பிள்ளை சாமத்தியப்பட்டால் துடக்கு, ஆள் செத்தால் துடக்கு. துடக்குக்காரர் கோயிலுக்குப் போவதில்லை. நல்ல காரியங்களுக்கு அவரை அழைப்பதில்லை. ஆனால் துடக்குக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முப்பத்தோராம் நாள் கிரியை முடித்து, முழுகி, வீடு கழுவினால் துடக்குக் கழிந்தது. மறுநாள் அதே மனிதர் கோயில் வீதியில் தேர் இழுக்கலாம்.

அந்தத் துடக்கைக் கழித்தவர் யார் என்று பாருங்கள். துடக்குச் சீலையை எடுத்துப்போய் வெளுத்தவர் வண்ணார். கொள்ளி வைப்பவருக்கு முகம் வழித்தவர் அம்பட்டர். சாவை ஊருக்குச் சொல்லிப் பிணத்துக்கு முன்னால் சுடுகாடுவரை பறை அடித்துச் சென்றவர் பறையர். வீட்டுக்காரரின் துடக்கு இவர்களுடைய உழைப்பினால்தான் கழிந்தது. கழிந்த துடக்கு எங்கே போயிற்று? அது இவர்களிடம் தங்கிவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. அதுவும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து. நமக்கு முப்பத்தொரு நாளில் கழிகிற ஒன்று அவர்களுக்கு எந்தத் தீர்த்தத்தில் முழுகினாலும் கழியாது என்று ஆக்கப்பட்டது. காலவரை உள்ளது துடக்கு; பிறப்பிலேயே ஒட்டவைத்து, கழிய வழியே விடாதது தீண்டாமை.

இந்த முப்பத்தொரு நாள் கணக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். மனுஸ்மிருதி சாவுத் துடக்குக்குப் பிராமணருக்குப் 10 நாள், க்ஷத்திரியருக்கு 12, வைசியருக்கு 15, சூத்திரருக்கு ஒரு மாதம் என்று வகுக்கிறது. நம்மூரில் நிலமும் கோயிலும் வைத்திருந்த பெருமைக்குரிய குடிகள் ஒரு மாதக் கணக்கைத்தான் காத்துவந்தன. அந்த நூலின் கண்ணில் நம் போடிமார், அதாவது பெருநிலக்காரர், எந்த வரிசையில் நின்றார்கள் என்பதை அவர்களே ஒவ்வொரு செத்தவீட்டிலும் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள்.

தீண்டாமை வேதத்தில் சொல்லப்பட்டிருக்கிறதா?

ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் புருஷசூக்தம் இருக்கிறது. புருஷனின் வாய், கை, தொடை, பாதம் ஆகியவற்றோடு நான்கு வருணங்களை அது தொடர்புபடுத்துகிறது. ஐந்தாவது வருணம் அதில் இல்லை. தொடக்கூடாதவர் என்ற பேச்சும் இல்லை. பின்னால் வந்த சாந்தோக்கிய உபநிடதம், கெட்ட நடத்தை உடையோர் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளராகவோ பிறப்பர் என்கிறது. ஒரு மனிதக் கூட்டத்தை விலங்குகளோடு சேர்த்து, அதுவும் முற்பிறப்பின் தண்டனை என்று காட்டும் எண்ணம் அங்கே வந்துவிட்டது. மனுஸ்மிருதி இன்னும் தெளிவாக விதிக்கிறது: சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்கவேண்டும், பிணத்தின் ஆடையை உடுக்கவேண்டும், உடைந்த பாத்திரத்தில் உண்ணவேண்டும். அதே நூல் வருணம் நான்குதான், ஐந்தாவது கிடையாது என்றும் சொல்கிறது. ஆகவே இவர்கள் கணக்குக்கே வெளியே நிறுத்தப்பட்டவர்கள். பின்னாளில் வந்த 'பஞ்சமர்', அதாவது ஐந்தாமவர் என்ற சொல் அந்த வெளியைக் குறிப்பதுதான்.

நூலில் எழுதியது நடைமுறையில் இருந்ததா என்று சிலர் கேட்பார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவில் பயணம் செய்த சீனத் துறவி பாஹியான், சண்டாளர் நகருக்குள் வரும்போது மற்றவர்கள் விலகிக்கொள்வதற்காக மரக்கட்டையைத் தட்டி ஒலியெழுப்பியபடி வந்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். கண்ணால் கண்ட ஒருவரின் குறிப்பு அது.

இதெல்லாம் வடக்கிலிருந்து வந்தது, தமிழரிடம் இருந்ததில்லை என்கிறார்களே?

அப்படி நம்ப ஆசைதான். ஆனால் முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், வரி விலக்கப்பட்ட நிலங்களைக் கூறும் இடத்தில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, நல்ல தமிழ்ச் சொல்லில், கல்லில். அதற்கு நூறு ஆண்டுக்குப் பின் எழுந்த பெரியபுராணத்தில் ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த திருநாளைப்போவார், அதாவது நந்தனார், தில்லைக்குப் போக ஆசைப்பட்டும் போகமுடியாமல் நிற்கிறார். தீயில் மூழ்கி வேறு உருவத்தோடு எழுந்த பிறகே உள்ளே போகிறார். அடியார் என்று போற்றப்பட்டவரும் தம் சொந்த உடம்போடு உள்ளே நுழைய முடியவில்லை. சிறுவயதில் அந்தக் கதையைப் பக்தியோடு கேட்டேன். படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தீயின் சூடு எனக்குத் தெரிந்தது.

மட்டக்களப்பில் தீண்டாமை இருந்ததே இல்லை, அது யாழ்ப்பாணத்து விடயம் என்று அப்பா சொல்கிறார். சரியா?

உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

வேறுபாடு உண்மையாகவே இருந்தது. யாழ்ப்பாணத்தில் வேளாளர் எண்ணிக்கையில் மிகப் பெரிய சாதி. அவர்கள் தோட்டங்களிலும் வயல்களிலும் பெருந்தொகையான பஞ்சமர் உழைத்தார்கள். இங்கே நிலமும் வன்னிமை எனும் குறுநிலத் தலைமை அதிகாரமும் பெரும்பாலும் முக்குவரிடம் இருந்தன. வேளாளரும் சீர்பாதத்தாரும் கரையாரும் தங்கள் தங்கள் ஊர்களில் செல்வாக்கோடு வாழ்ந்தார்கள். போடியாரின் வயல்வட்டையில் வேலைக்குப் பொறுப்பான முல்லைக்காரராகவும் கூலியாகவும் இறங்கியவர்களில் அவருடைய சாதிக்காரரே பலர்; முஸ்லிம்களும் இருந்தார்கள். ஊழியச் சாதிகள் தொகையில் சிறியவை. நம் கரையோர மணலில் சிறிது தோண்டினாலே நீர் வருவதால் வளவுக்கு வளவு கிணறு இருந்தது. யாழ்ப்பாணத்தில்போல் கிணற்றைச் சுற்றிக் கொடுமை வளர இடம் குறைவு. இவ்வளவும் உண்மை.

ஆனால் பறையர் எங்கே குடியிருந்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். ஊரோடு ஒட்டாத ஒரு மூலையில், தனிக் குடியிருப்பில். அவர்கள் அடித்த மேளத்தோடு சாமி எழுந்தருளியது. அடித்தவர்கள் எந்த எல்லையில் நின்றார்கள் என்று கேளுங்கள். வீதியில்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். அம்மம்மாவின் தமையன் இறந்தபோது பறைமேளக்காரர் நால்வர் வந்து, படலைக்கு வெளியே பூவரசின் கீழ் குந்தினார்கள். வெயிலில் வெகுதூரம் நடந்து வந்திருந்தார்கள். அம்மம்மா தேநீர் அனுப்பினார். வீட்டில் எவரும் குடிக்காத நான்கு தகரக் கோப்பைகள் கோடிப்புறத்துக் கூரை இறப்பில் செருகியிருந்தன, அவற்றில்தான் ஊற்றிக்கொடுத்தார்கள். குடித்து முடித்த முதியவர் அதைத் தாமே கழுவிக் கவிழ்த்துவைத்தார். எவரும் அவரிடம் கழுவச் சொல்லவில்லை. "ஏன் நம் கோப்பையில் கொடுக்கவில்லை?" என்று கேட்டேன். "அதுதான் முறை, மனே" என்றார் அம்மம்மா. அம்மம்மா கொடுமைக்காரியல்லர். பசி என்று வந்த எவரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அந்த நால்வருக்கும் நெல்லும் சீலையும் நிறையவே கொடுத்தார். அந்த நல்ல மனத்துக்குள் அந்தத் தகரக் கோப்பையும் இருந்தது. நம்மூர்த் தீண்டாமையை இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பறைமேளமும் வெள்ளைச் சீலை விரிப்பதும் ஊர் கொடுக்கிற வரிசை, அது மரியாதை என்கிறார்களே?

வரிசை மரியாதைதான். யாருக்கு மரியாதை என்பதே கேள்வி.

மட்டக்களப்புத் தேசத்துப் பழைய ஒழுங்கில் ஒவ்வொரு சாதிக்கும் தாய்வழிக் குடிக்கும் இத்தனை வரிசை என்று வகுத்திருந்தார்கள். கல்யாணத்திலும் செத்தவீட்டிலும் எத்தனை மேளம், எத்தனை குடை, முடி வைப்பதா இல்லையா, வெள்ளை எதுவரை விரிப்பது என்பதெல்லாம் அந்த வீட்டாரின் நிலையைக் காட்டின. வெள்ளை விரிக்கும்போது அதில் நடப்பவருக்கு மரியாதை. விரிப்பவருக்கு அது ஊழியம். பறை முழங்கும்போது படுத்திருப்பவருக்கு வரிசை. அடிப்பவருக்கு அது கடமை. ஒரே செயலை இரு பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். நம் பேச்சில் 'தீண்டாமை' என்ற சொல் அதிகம் வராததற்குக் காரணமும் இதுதான்: நாம் அதை வரிசை, முறை, ஊழியம், குடிமை என்ற நல்ல சொற்களுக்குள் வைத்திருந்தோம்.

இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. மேளக்காரர் 'நாளைக்கு வரமுடியாது' என்று சொன்னால் என்ன நடக்கும்? 'சரி, வேறு ஆளைப் பார்க்கிறோம்' என்று வீட்டார் சொன்னால் அது தொழில். ஊர் கூடி விசாரித்தால், குடியிருக்கும் காணியைப் பற்றிப் பேச்செழுந்தால், 'திமிர் வந்துவிட்டது' என்ற சொல் வந்தால், அது கட்டாயம். பல ஊர்களில் இளைஞர்கள் செத்தவீட்டுக்குப் பறை அடிக்க மறுத்தார்கள். அதைக் கலையை அழிக்கும் செயலென்று குறை சொல்வோர் உண்டு. நான் அவர்கள் பக்கம் நிற்கிறேன். தன் தகப்பன் படலைக்கு வெளியே குந்தியிருந்ததைக் கண்ட பிள்ளைக்கு, அந்தக் கலையை விட்டெறிய முழு உரிமை உண்டு.

யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பஞ்சமர் என்று வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகிய ஐந்து சாதியினரை அங்கே குறித்தார்கள். கோயிலுக்குள் போகமுடியாது, தேநீர்க்கடைக்குள் இருக்கமுடியாது, பொதுக் கிணற்றில் அள்ளமுடியாது. பாடசாலையில் சம ஆசனம் பெறுவதற்கே 1920களின் இறுதியில் போராடவேண்டியிருந்தது. 1940களில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபை உருவாகிப் பாடசாலைகளும் உரிமைகளும் கேட்டது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலம் பொலிசாரால் தாக்கப்பட்டது. போராட்டம் அதன் பின்னும் வலுத்தது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நுழைவுப் போராட்டங்களை நடத்தியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம் நாடு முழுவதும் பேசப்பட்டது. உயிரும் கொடுத்தார்கள். இன்று நாம் எந்தக் கோயிலுக்கும் எவரும் போகலாம் என்று இயல்பாகச் சொல்கிறோமே, அதன் விலையை அங்கே சிலர் செலுத்தினார்கள்.

இலங்கைச் சட்டப்படி தீண்டாமை குற்றமா?

குற்றம். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியைக் காரணமாகக் காட்டிப் பாடசாலை, கடை, உணவகம், பொது வாகனம், பொதுக் கிணறு, வழிபாட்டிடம் போன்றவற்றில் ஒருவரைத் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. 1971இல் அது திருத்தப்பட்டுத் தண்டனை கூட்டப்பட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சாதி காரணமாகப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. கடை, உணவகம், பொதுக் கேளிக்கை இடம், தம் சமயத்துப் பொது வழிபாட்டிடம் ஆகியவற்றில் எவரையும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்பதையும் அதே உறுப்புரை வெளிப்படையாகச் சொல்கிறது.

அரச அதிகாரி ஒருவர் இந்த உரிமையை மீறினால் நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனுக் கொடுக்கலாம். அந்த ஒரு மாதத்தை மறந்துவிடாதீர்கள். பேசித் தீர்ப்போம் என்று ஊர்ப் பெரியவர்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே நாள் போய்விடும்.

இந்தியாவில் உள்ளதுபோல் பட்டியல் சாதி, சாதிவழி இடஒதுக்கீடு என்பன இங்கே இல்லை. நம் குடிசன மதிப்பீடு சாதியைக் கேட்பதுமில்லை. அதனால் இலங்கையில் இந்தத் துன்பம் எவ்வளவு என்று எவரும் எண்ணிக் காட்ட முடியாது. எண்ணப்படாதது இல்லாதது என்று ஆகிவிடாது.

இந்தியாவில் தீண்டாமைக்குச் சட்டம் என்ன பொருள் கொடுக்கிறது?

1927இல் மகாத் நகரின் சௌதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்து, குளம் எல்லோருக்கும் உரியது என்று காட்டியவர் அம்பேத்கர். பின்னர் அவர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பு 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதன் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. வியப்பு என்னவென்றால், தீண்டாமை என்றால் என்ன என்று அந்த உறுப்பு வரையறுக்கவில்லை. சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்து நிறுத்திக்கொண்டது. மைசூர் உயர் நீதிமன்றம் 1958இல் அதற்கு விளக்கம் கொடுத்தது: இச்சொல்லை எழுத்துப் பொருளில் எடுக்கக்கூடாது; இந்நாட்டின் வரலாற்றில் வளர்ந்த வழக்கத்தையே அது குறிக்கிறது. தொற்றுநோயாளியைத் தனியே வைப்பது போன்றவை இதற்குள் வரமாட்டா. 1955இல் தனிச்சட்டமும் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன.

மாதவிடாய்த் துடக்கும் தீண்டாமைதானா?

2018 செப்டெம்பரில் சபரிமலைத் தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதிகளே இதில் பிரிந்து நின்றார்கள். பெண்களை மாதவிடாய் காரணமாக விலக்குவதும் தூய்மை, தீட்டு என்ற அதே எண்ணத்தின் விளைவு, ஆகவே அதுவும் 17ஆம் உறுப்புக்குள் வரும் என்றார் நீதிபதி சந்திரசூட். அந்த உறுப்பு சாதித் தீண்டாமைக்கு மட்டுமே என்று மாறுபட்டார் நீதிபதி இந்து மல்கோத்ரா. பெண் நீதிபதி அவர்.

என் எண்ணம்: வேர் ஒன்று, மரம் இரண்டு. மாதவிடாயான பெண் ஐந்தாம் நாள் அதே வீட்டின் அடுப்படிக்குத் திரும்புகிறாள், வீடு அவளுடையது. சாதியால் விலக்கப்பட்டவருக்குத் திரும்பும் நாள் இல்லை. இரண்டையும் ஒன்றென்று சொன்னால் பின்னதன் கொடுமை சிறுத்துப்போகும். அதற்காக, மகளைத் தனிப்பாயில் படுக்கவைப்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டில் அது என் மனைவியின் காலத்தோடு நின்றது.

அரிசன், தலித், பஞ்சமர்: எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

'அரிசன்' காந்தி பரப்பிய சொல். ஹரியின் மக்கள் என்று பொருள். இரக்கத்தின் மணம் வீசுவதால் அம்மக்களில் பலர் அதை வெறுத்தார்கள். 'தலித்' மராத்தியில் நொறுக்கப்பட்டவர். தாமே எடுத்துக்கொண்ட பெயர் என்பதால் அதில் நிமிர்வு இருக்கிறது. 1972இல் தொடங்கிய தலித் சிறுத்தைகள் இயக்கம் அதைப் பெரிதும் பரப்பியது. 'பஞ்சமர்' சாத்திரக் கணக்கின் சொல். இலங்கையில் ஒடுக்கப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர் என்றும் எழுதுகிறார்கள். 'தாழ்ந்த சாதி' என்று எழுதாதீர்கள். தாழ்த்தியவர்கள் அந்தச் சொல்லில் காணாமல் போய்விடுகிறார்கள்.

நம் பகுதியில் பலர் தங்களைத் தலித் என்று அழைப்பதில்லை, அழைக்கப்படுவதை விரும்புவதுமில்லை. எதிரில் இருப்பவர் தம்மை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள். பெரும்பாலும் அவரது பெயரைச் சொன்னாலே போதும்.

'தீண்டத்தகாத கட்சி' என்று பத்திரிகைகள் எழுதுவது தவறா?

கூட்டணிக்கு எவரும் சேர்க்காத கட்சியை அப்படி எழுதுகிறார்கள். நான் எழுதமாட்டேன். தேர்தலில் தோற்ற கட்சி அடுத்த தேர்தலில் வெல்லும். பிறவி முழுவதும் விலக்கப்பட்டவரின் துயரை அதற்கு உவமை ஆக்குவது அநியாயம்.

இதைவிடக் கொடியது வாய்த்தவறாக வரும் சொற்கள். 'எளிய சாதி' என்று ஏசுவது, அழுக்காயிருக்கும் பிள்ளையைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது. ஈழத்துப் பேச்சில் 'பறைதல்' என்றால் பேசுதல், சொல்லுதல்; செய்தி சொன்ன கருவி பறை. எவ்வளவு அழகான சொல்! அதே சொல்லிலிருந்து பிறந்த சாதிப் பெயரை வசையாக்கினோம். அது ஆங்கிலத்துக்கும் போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகெங்கும் வழங்குகிறது.

கல்யாணம் பேசும்போது குடி கேட்பது தீண்டாமையா?

குடி கேட்பது தீண்டாமை ஆகாது. தாய்வழியில் வரும் குடி ஒன்றாயிருந்தால் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை ஆவார்கள் என்பதால் நம்மவர் கேட்கிறார்கள். நம் முஸ்லிம் சகோதரர்களிடமும் தாய்வழிக் குடி வழக்கம் இருக்கிறது. ஆனால் 'அவர்கள் என்ன ஆட்கள்?' என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்களே, அது குடிக் கேள்வி அன்று. அந்தக் கேள்விக்காகவே எத்தனை நல்ல பிள்ளைகளின் வாழ்க்கை கலைந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கோயிலும் கடையும் திறந்துவிட்டனவே, இன்று என்ன மிச்சம்?

கல்யாணம் மிச்சம். வண்ணக்கர் எனும் கோயில் நிருவாகப் பதவிகளும் திருவிழா உபயங்களும் மிச்சம். கும்பிட வரலாம், நிருவாகத்துக்கு வரமுடியாது என்ற நிலை சில இடங்களில் இன்னும் இருக்கிறது. முகவரி மிச்சம்: ஊர்ப் பெயர் சொன்னதும் முகம் மாறுவது.

இன்னொன்று நம் கண் முன்னாலேயே இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கை நகரங்களின் மலக்கூடங்களையும் வீதிகளையும் துப்புரவு செய்வதற்கென்றே தென்னிந்தியாவிலிருந்து குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. அவர்களின் வழிவந்தவர்கள் பல நகரங்களில் இன்றும் நெருக்கமான வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்து, அதே வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளை வகுப்பில் பின் வாங்கில் இருத்திய ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அம்பாறை மாவட்டத்தில் அக்கரைப்பற்றுக்கு அப்பால் அளிக்கம்பையில் தெலுங்கு பேசும் வனக்குறவர் வாழ்கிறார்கள். 'குறவன்' என்ற சொல்லை நம் வீடுகளில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் மண்ணிலிருந்து இதை எதிர்த்தவர் எவரேனும் உண்டா?

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரைச் சொல்வேன். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றவர், பக்கத்தில் திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குப் போய் அவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். பேராசிரியர் சேரிக்குப் போவதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர் போவதை நிறுத்தவில்லை. அவருக்கு ஊர்தோறும் சிலை வைத்திருக்கிறோம், விழா எடுக்கிறோம். அந்த விழா மேடைகளில் அவருடைய யாழ்நூல் பேசப்படும் அளவுக்குத் திருவேட்களம் பேசப்படுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

எனக்குப் பறை பழக ஆசை. "நம்மாட்கள் அடிப்பதா?" என்று அம்மா தடுக்கிறார். என்ன செய்யட்டும்?

சென்ற ஆண்டு ஒரு பழைய மாணவி கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

பழகு, மகள். பறையும் தம்பட்டமும் சொர்ணாளிக் குழலும் சேர்ந்த பறைமேளக் கூத்து இன்று நம் பகுதியில் மேடைக்கும் வந்துவிட்டது. பல்கலைக்கழக மாணவர்களும் பழகுகிறார்கள். ஆனால் இணையத்தில் பார்த்துப் பழகாதே. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஆசான்களான அண்ணாவிமார் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு நீயே போ. உன் வீட்டுக்கு வரச்சொல்லாதே. அவர்கள் பாயில் இரு. தேநீர் தந்தால் குடி. பழக்கியதற்குரிய பணத்தை மற்ற எந்த ஆசிரியருக்கும் கொடுப்பதுபோல் கையில் கொடு. நெல்லாகவோ பழஞ்சீலையாகவோ கொடுக்காதே. நீ மேடையேறும் நாளில் குரு என்று அவர் பெயரைச் சொல். அவருடைய மகன் 'எனக்கு இந்த மேளமே வேண்டாம்' என்று உன் முன்னால் சொன்னால், கலையின் பெருமையைப் பற்றி அவனுக்குப் போதிக்காதே, கேட்டுக்கொண்டிரு.

அம்மாவிடம் சண்டை போடாதே. அண்ணாவியாரை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு அழை. கூரை இறப்பில் செருகிய கோப்பை உங்கள் வீட்டிலும் இருந்தால் முதலில் அதை எடுத்து எறிந்துவிடு.

அவள் போனாள். மூன்றாம் மாதம் அண்ணாவியார் அவள் வீட்டு விறாந்தையில் கதிரையில் இருந்து சோறு உண்டாராம். அம்மா பரிமாறவில்லை, குசினிக்குள்ளேயே நின்றாராம். ஆனால் கோப்பை வீட்டுக் கோப்பைதான் என்று சொன்னாள்.